பேரு வெட்டாத கண்ணாடிக் கிண்ணம்

பாப்பா,

பார்சல பிரிச்சதும் மொதல்ல இந்தக் காயிதத்தப் படி. கிண்ணத்த அப்பால எடுத்துப் பாக்கலாம், அது எங்கியும் ஓடிடாது. பழைய பேப்பர சுத்தி, நடுவுல துணிய சொருகி, ஒண்ணோட ஒண்ணு இடிக்காம வச்சிருக்கேன். அவசரப்பட்டு இஸ்துடாத. போன் போட்டா நீ எடுக்க மாட்டேன்ற. மாப்ளதான் எடுக்கறாரு. "தூங்கிட்டு இருக்கா அத்த, எழுந்ததும் பேசச் சொல்றேன்"ன்றாரு. பாவம், பொய் சொல்லத் தெரியாத புள்ள. நீ பக்கத்துலியே குந்திகினு வேணாம்னு கையாட்டறது எனக்கு எண்ணூர்லேர்ந்தே தெரியுது. சின்ன வயசுலியும் நீ இப்டித்தான், கோவம் வந்தா சோறு துன்னுவ, பேச மாட்ட. அதனாலதான் எழுதறேன். எழுதினா நடுவுல நீ கட் பண்ண முடியாது.

உனக்கு இன்னா கோவம்னு எனக்குத் தெரியாதா. வளைகாப்பு முடிஞ்சா பொண்ண கையோட தாய்வூட்டுக்கு இட்டுகினு போவணும். தலப்பிரசவம் அம்மா வூட்லதான், அது எல்லா வூட்லயும் நடக்கறது. நீயும் அப்டித்தான் நெனச்சிகினு இருந்த. பச்சப் பட்டு கட்டிகினு, ரெண்டு கை நெறைய கண்ணாடி வளையல் போட்டுகினு, பேக்க கட்டி வாசப்படியில வச்சிட்டு நின்ன. செருப்பு கூட மாட்டிட்ட. நான் வந்து உன் நெத்தியில சிலுவ போட்டேன், கன்னத்தத் தொட்டேன், உன் மாமியார் கிட்ட, "பாப்பா இங்கியே இருக்கட்டும் சம்பந்தி, நீங்கதான் பாத்துக்கணும்"னேன், தெருவுல எறங்கி ஆட்டோவ கைகாட்டிட்டேன். அந்தம்மா கையில கீற தாம்பாளத்த எங்க வைக்கறதுன்னு தெரியாம நின்னாங்க. "பொண்ணப் பெத்தவ செலவுக்குப் பயந்து ஓடறா பாரு"ன்னு யாரோ ஒரு பொம்பள என் காதுல விழறா மாதிரியே சொல்லிச்சு. சொல்லட்டும். நீ ஆட்டோ திரும்பற வரைக்கும் பாத்துகினு நின்ன. ஓசூர்லேர்ந்து கிருஷ்ணகிரி வரைக்கும் பஸ்ல அழுதுகினே வந்தேன். பக்கத்து சீட்டுல இருந்த ஆளு எழுந்து பின்னாடி பூட்டாரு.

செலவு இல்ல பாப்பா காரணம். நைனாவும் இல்ல. நைனா மூக்குல டியூப மாட்டிகினு கட்டில்ல கீறாருதான், அந்த ஆக்சிஜன் மெஷினு நாள் முச்சூடும் ஓடிகினு கீதுதான், ஆனா அவரையும் பாத்துகினு உன்னையும் பாத்துக்க எனக்குத் தெம்பு கீது. போன தபா நீ வந்தப்போ நடந்ததுதான் காரணம். அத்தப் பத்தி நம்ம வூட்ல யாரும் பேசறதில்ல. நீயும் பேசல, நானும் பேசல, நைனா வாயே தொறக்கல. பேசாம இருந்தா ஆறிடும்னு நெனச்சோம். எனக்கு ஆறல. உனக்கும் ஆறலைன்னு எனக்குத் தெரியும். வளைகாப்பு அன்னிக்கு யாரோ "இதானே மொதக் கொழந்த"ன்னு கேட்டாங்க, நீ தலையக் குனிஞ்சிகினு "ஆமா"ன்ன. நான் பின்னாடிதான் நின்னுகினு இருந்தேன்.

போன தபா நீ மூணாம் மாசத்துல வந்த. மாப்ளைக்கு நைட் ஷிப்டு, உனக்கு நிக்காத வாந்தி, அடுப்பப் பத்த வச்சாலே கொமட்டுதுன்ன. தாளிக்கிற வாசன வந்தா தெருவுக்கு ஓடின. நான் கல்மண்டபத்துல பாத்திரக் கடைக்குப் போவணும், லீவு கேட்டா அண்ணாச்சி மூஞ்சியத் தூக்கி வச்சிக்குவாரு. அதனால காலையில நீ தூங்கும்போதே சமையல முடிச்சி, கொழம்பையும் சோத்தையும் டப்பாவுல போட்டு பிரிட்ஜில வச்சிட்டு, நான் ரயில் ஏறிடுவேன். நீ மத்தியானம் அந்த டப்பாவ அப்டியே தூக்கி மைக்ரோவேவுல வச்சி சூடு பண்ணி துன்னுவ. உன் மொத சம்பளத்துல எனக்கு வாங்கிக் குடுத்தியே, அந்த மைக்ரோவேவு. அடுப்பு இல்ல, தாளிப்பு இல்ல, நாலு வாயாவது உள்ள போவுதேன்னு நானும் சந்தோசமா இருந்தேன். அந்த டப்பா உனக்கு ஞாபகம் கீதா. வெள்ள டப்பா, நல்ல தடிசு, நாலு பக்கமும் கிளிப்பு வச்ச மூடி, பக்கவாட்டுல சீனாக்காரன் எழுத்தா கொரியாக்காரன் எழுத்தான்னு புரியாத ஒரு எழுத்து. கப்பல் டப்பான்னு சொல்லுவமே, அதுதான்.

இத்த ஓசூர்ல சொன்னா சிரிப்பாங்க. நம்ம பக்கத்துல கப்பல் சாமான்னா அதுக்கு மேல பேச்சு கெடையாது. ஹார்பர் வேலைக்குப் போற ஆம்பள ஒரு மொழம் கயிறு கொண்டாந்தாலும் சரி, ஒரு ஒடஞ்ச பக்கெட்டு கொண்டாந்தாலும் சரி, "கப்பல்லேர்ந்து வந்துது"ன்னு சொன்னா போதும், தெருவே வந்து தட்டிப் பாக்கும். கடையில வாங்கின டப்பா ஒரு வருசத்துல விரிசல் வுடும், கப்பல் டப்பா பேரப்புள்ள காலம் வரைக்கும் நிக்கும்னு ஒரு பெருமை. வெளிநாட்டுக்காரன் செஞ்சது கெட்டதா இருக்குமான்னு ஒரு நெனப்பு. உங்க நைனா ஹார்பர்ல நிலக்கரி தள்ளி நெஞ்சக் கெடுத்துகினு, அப்பால காட்டுப்பள்ளி பக்கம் கப்பல் ரிப்பேருக்குப் போயிகினு இருந்தாரே, அப்போ கொண்டாந்தது அது. பக்கத்து வூட்டு மேரி எத்தினியோ தபா கேட்டுச்சு, நான் குடுக்கவே இல்ல. கிறிஸ்மஸ் கேக்கு கூட அதுலதான் வைப்பேன்.

இதுல கேவலம் இன்னான்னா, நான் பாத்திரக் கடையில நிக்கறவ. மைக்ரோவேவுக்கு டப்பா வேணும்னு வர்ற பொம்பளைங்க கிட்ட, கவுத்து அடியில பாருங்கம்மா, அலை மாதிரி கோடு போட்ட படம் கீதா, மைக்ரோவேவுக்கு ஆவும்னு எழுதியிருக்கா, இல்லைன்னா உள்ள வைக்காதீங்கன்னு வாய் வலிக்கச் சொல்றவ. எண்ணெ மெதக்கற கொழம்ப பிளாஸ்டிக்ல சுட வைக்காதீங்க, எண்ணெ பயங்கரமா சூடேறும், பிளாஸ்டிக்ல கீற கண்டதும் சோத்துல எறங்கும்னு ஊருக்கெல்லாம் புத்தி சொல்றவ. அதே நான் வூட்டுக்கு வந்தா கப்பல் டப்பாவ ஒரு நாளும் கவுத்துப் பாக்கல. அது கடை சாமான் இல்லியே. உள் பக்கம் கொழம்பு நிக்கற எடத்துல மஞ்சளா ஒரு கோடு விழுந்து, அந்தக் கோட்டு மேல பொடிப் பொடியா கொப்புளம் எழும்பியிருந்துது. நார் போட்டுத் தேச்சேன், போவல. கறைன்னு நெனச்சி வுட்டுட்டேன்.

அந்த மாசந்தான் நாத்தம் வந்துது. மூக்கையும் கண்ணையும் எரிக்கற நாத்தம். எந்தக் கம்பெனி, இன்னா வாயுன்னு யாரும் வந்து சொல்லல, நம்மளுக்கு யாரு சொல்லியிருக்காங்க. ஈரத் துணிய உன் மூஞ்சியில கட்டி, உன்னை இட்டுகினு சர்ச்சு பக்கம் போயி குந்திகினு இருந்தேன். நைனா அப்போ நடந்துகினுதான் இருந்தாரு, இருமிகினே நம்ம பின்னாடி வந்தாரு. சாயங்காலம் நாத்தம் கொறஞ்சுது, வூட்டுக்கு வந்தோம், நீ கூட சிரிச்சிகினே கொழம்ப சுட வச்சி துன்ன. கொஞ்ச நாள்ல அது நடந்துது, வயித்துல இருந்தது தங்கல. ஆஸ்பத்திரியில டாக்டரம்மா நல்லவங்க, உன் கையப் புடிச்சிகினு, "இது யாருக்கு வேணும்னாலும் நடக்கும்மா, காரணம்னு ஒண்ண சொல்ல முடியாது, யார் மேலயும் தப்பில்ல"ன்னு சொன்னாங்க. நீ நம்பின. நம்பணும், அதான் நல்லது. நான் மட்டும் காரணம் சொல்ல முடியாதுன்னதையே புடிச்சிகினு தொங்கறேன். சொல்ல முடியாதுன்னா ஒண்ணும் இல்லைன்னு ஆயிடுமா. வாயுவா, லாரித் தண்ணியா, ஆத்து மீனா, அந்த டப்பாவா. இன்னி வரைக்கும் பாத்திரம் தேய்க்கும்போது இதே நெனப்புதான் ஓடிகினு கீது.

இப்போ, நான் ஓசூர்லேர்ந்து தனியா வந்து எறங்கின அன்னிக்கு நடந்தத சொல்றேன். நைனா கட்டில்லேர்ந்து எட்டி எட்டிப் பாத்தாரு, என் பின்னாடி நீ வரியான்னு. உனக்காக ரூமுக்கு ஆள் வச்சி சுண்ணாம்பு அடிச்சி, தூளி கட்ட உத்தரத்துல கொக்கி மாட்டச் சொல்லி, படுத்துகினே எல்லாம் பண்ணி வச்சிருந்தாரு. "எங்கடி பாப்பா"ன்னாரு. "இட்டுகினு வரல"ன்னேன். அவ்ளோதான், மூச்சு வாங்க வாங்க கத்த ஆரம்பிச்சாரு. "பெத்த வூட்டுக்கு வராம அவ எங்கடி போவா. நான் கண்ண மூடறதுக்குள்ள பேரப்புள்ளைய ஒரு தபா தூக்க வேணாமா. நீ இன்னா மனுசிடி." எனக்கு மட்டும் வாய் கொஞ்ச நஞ்சமா. "தூக்கறதுக்கு புள்ள உசுரோட பொறக்கணுமில்ல"ன்னுட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. ஆனா சொன்னப்புறம் என்னால நிறுத்த முடியல. பரண் மேல தூக்கிப் போட்டிருந்த கப்பல் டப்பாவ எடுத்தாந்து அவரு மடியில வச்சேன். "இதுல கப்பல்காரன் இன்னா வச்சிருந்தான், சொல்லு"ன்னு கேட்டேன்.

அவரு அத்த திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அடியில படமும் இல்ல, எழுத்தும் இல்ல, மொழுக்குனு கீது. அப்பால மெதுவா சொன்னாரு, "இஞ்சின் ரூமாண்ட கெடந்துது. உள்ள க்ரீஸ் மாதிரி இன்னாவோ பசை ஒட்டிகினு இருந்துது. மண்ணெண்ணெ ஊத்திக் கழுவி, சோப்பு போட்டு கழுவிட்டுதான் கொண்டாந்தேன். ஆணி, போல்ட்டு போட்டு வைக்கலாம்னு கொண்டாந்தேன். நீதான் நல்லா கீதுன்னு சமையக்கட்டுக்கு எடுத்துகினு போன." நிஜந்தான் பாப்பா. நான்தான் எடுத்துகினு போனேன். உள்ள இன்னா இருந்துதுன்னு நான் கேக்கல, அவரும் சொல்லல. கப்பல் சாமான்ன உடனே ரெண்டு பேருக்கும் கேள்வி கேக்கத் தோணல. "பாப்பா இதுலியா துன்னுச்சு"ன்னு கேட்டாரு. நான் டப்பாவ அவரு மடியிலேர்ந்து எடுத்தேன். செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துகினாரு, அன்னிக்கு முழுக்க கஞ்சி வேணாம்னுட்டாரு. மறுநாள் அவரே கூப்ட்டு, "வர வேணாம்னு அவளுக்கு எழுது. கோச்சிக்காத மாதிரி பதமா எழுது"ன்னாரு. எனக்கு எங்க பதமா எழுத வருது.

டப்பாதான் பண்ணிச்சுன்னு நான் சொல்லல, நல்லா கேட்டுக்க. அப்டி சொல்ல எனக்கு அறிவும் இல்ல, அத்தாட்சியும் இல்ல. நீ இத்தப் படிச்சிட்டு அந்தப் பழிய மனசுல ஏத்திகினு குந்தாத, உங்க நைனா மேல ஏத்தாத, முக்கியமா உன் மேல ஏத்திக்காத. எனக்கு இருக்கறது பயம்தான். தெரியாத ஒண்ணுக்குப் பயப்படறது தெரிஞ்ச வியாதிய விட பேஜாரு. காலையில தொடைச்ச ஜன்னல் மத்தியானத்துக்குள்ள கறுப்பாவுது, சுண்ணாம்பு அடிச்ச ரூம்ல ஓரமெல்லாம் இப்பவே பழுப்பு ஏறிகினு கீது. அந்தக் காத்த நான் துணி போட்டு வடிகட்ட முடியாது. நீ இங்க வந்தா அத்தத்தான் மூச்சா இழுக்கணும், உள்ள கீறதும் சேந்து இழுக்கணும். இன்னொரு தபா அந்த மாதிரி நாத்தம் வந்தா, நைனா மெஷினையும் தூக்கிகினு உன்னையும் தாங்கிகினு நான் எந்தத் தெருவுக்கு ஓடுவேன். ஓசூர்ல பொகை இல்லைன்னு நான் சொல்லல. இங்க கீறது எனக்குத் தெரியும், அவ்ளோதான்.

காத்துக்கு ஒண்ணும் பண்ண முடியல, பாத்திரத்தையாவது பாத்து வாங்கலாம்னுதான் இந்தப் பார்சல். முறைப்படி பாத்தா எவர்சில்வர்ல அண்டா, குண்டான், சம்புடம்னு வாங்கி, உன் பேரையும் மாப்ள பேரையும் வெட்டிக் குடுக்கணும். எத்தினி வூட்டுப் பொண்ணுங்களுக்கு நானே கடையில பேரு எழுதிக் குடுத்து வெட்ட வச்சிருக்கேன். உனக்குன்னு வரும்போது கண்ணாடி வாங்கினேன். எவர்சில்வரு மைக்ரோவேவுக்குள்ள போவாது, கண்ணாடி மேல நம்ம ஆளுக்கு வெட்ட வராது. அண்ணாச்சி கூட, "என்னம்மா, பொண்ணுக்கு சீருன்னு சொல்லிட்டுக் கண்ணாடியப் போயி எடுக்கிய"ன்னு கேட்டாரு. என் பொண்ணு சோத்த அதுலதான் சுட வைக்கப் போறான்னேன். யாராவது கேவலமாப் பாத்தா, பொறந்த வூட்டு சீரு இதுதான்னு தைரியமா சொல்லு.

கிண்ணம் எல்லாம் சூடு தாங்கற கண்ணாடி. எல்லாக் கண்ணாடியும் தாங்காது, ஊறுகா பாட்டில், தண்ணி குடிக்கற கிளாசு இதெல்லாம் உள்ள வச்சா படக்குனு விரிஞ்சிடும். இதையும் பிரிட்ஜிலேர்ந்து எடுத்த ஜில்லோட உள்ள தள்ளாத, கொஞ்ச நேரம் வெளிய வச்சிட்டு வை. சூடா எடுத்தத ஈர மேடையில வைக்காத, கீழ துணி போடு. கூட வர்ற மூடி பிளாஸ்டிக்கு, அது பிரிட்ஜில மூடி வைக்க மட்டும். சூடு பண்ணும்போது அத்தக் கழட்டிட்டு, வெறும் பீங்கான் தட்ட ஓரமா ஆவி போவ எடம் வுட்டு சாத்து. இறுக்கி மூடினா உள்ள ஆவி முட்டிகினு நின்னு, தொறக்கும்போது மூஞ்சியில அடிக்கும். கடைக்கு வர்ற ஒரு டீச்சரம்மா கன்னத்துல அப்டி வாங்கின தழும்ப நானே பாத்தேன். எங்கியாவது கீறலோ விரிசலோ விழுந்துதுன்னா, அம்மா குடுத்ததுன்னு வச்சிகினு இருக்காத, அன்னிக்கே தூக்கிப் போடு.

உன் கல்யாணத்துக்கு வந்த டின்னர் செட்டுல ஓரமா தங்கக் கோடு ஓடுது, அத்த உள்ள வைக்காத, அந்தக் கோடு பொறி வுடும். அலுமினியத் தாளு, ஸ்பூனு, பின்னடிச்ச பார்சலு ஒண்ணும் போவக் கூடாது. மாப்ள பிரியாணி வாங்கியாந்தா அந்தக் கறுப்பு டப்பாவோட உள்ள தள்ளிடுவாரு, எனக்குத் தெரியும், கிண்ணத்துல மாத்தறதுன்னா ஆம்பளைங்களுக்குக் கை ஒடிஞ்சிடும். மாத்தச் சொல்லு. தயிரு டப்பா, ஐஸ்கிரீம் டப்பா, சாம்பார் கட்டிக் குடுக்கற கவரு எல்லாம் ஒரு தபா உபயோகத்துக்கு செஞ்சது, சூட்டுக்கு செஞ்சது இல்ல. பாக்க பீங்கான் மாதிரியே பளபளன்னு மெலமைன் தட்டு விக்கறான், கீழ போட்டா ஒடையாது, அதுவும் வேணாம். அடியில எழுதின பிளாஸ்டிக்கு ஆவுமான்னு நீ கேப்ப. சாம்பிள் கொண்டாந்த கம்பெனி ஆள் ஒருத்தன நானே கேட்டேன். "உருகாது, வளையாதுன்னு அர்த்தம்க்கா"ன்னான். "சோத்துல ஒண்ணும் எறங்காதுன்னும் அர்த்தமா"ன்னேன். பையத் தூக்கிகினு அடுத்த கடைக்குப் பூட்டான். அதனால அதுல சாமான் போட்டு வச்சிக்கோ, சுட வைக்காத. எந்த ஜாதின்னு தெரியாத பீங்கான் கிண்ணம் வந்துதுன்னா, அத்தக் காலியா உள்ள வச்சி, பக்கத்துல ஒரு கப்புல தண்ணி வச்சி ஒரு நிமிசம் ஓட்டு. தண்ணி சூடாவி கிண்ணம் சும்மா இருந்தா நல்லது. கிண்ணம் கொதிச்சிகினு இருந்தா அத்த ஓரங்கட்டிடு.

உன் மாமியார் நல்ல மனுசி. உங்க வூட்ல கீற மைக்ரோவேவுப் பொட்டியப் பாத்தா மட்டும் மெரள்றாங்க. வளைகாப்பு அன்னிக்கு என்ன ஓரமா கூட்டிகினு போயி, "இதுல சூடு பண்ணா கரண்டு சாப்பாட்டுல எறங்குமா சம்பந்தி, புள்ளத்தாச்சி சாப்பிடலாமா"ன்னு கேட்டாங்க. பாத்தியா, அந்தம்மா கேக்கறாங்க. நாம கேக்காத கேள்விய அவங்க கேக்கறாங்க. கரண்டு எறங்காது, பொட்டியால ஒண்ணும் இல்ல, உள்ள வைக்கற பாத்திரம்தான் பாக்கணும்னு சொல்லிட்டு வந்திருக்கேன். நீயும் பொறுமையா சொல்லு, படிச்ச திமிர காட்டாத. பூண்டுக் கொழம்பு, கருவாட்டுக் கொழம்பு எது வச்சாலும் சூடு பண்ணும்போது நடுவுல ஒரு தபா கெளறி வுடணும், ஓரம் கொதிக்கும், நடுவு ஜில்லுனு இருக்கும். எடுத்ததும் வாயில போடக் கூடாது. அவிச்ச முட்டைய உள்ள வைக்கக் கூடாது, வெடிக்கும். இத்த மட்டும் ரெண்டு தபா சொல்லு, ஊர்ல முட்ட அவிச்சிக் குடுக்காம வுட மாட்டாங்க.

புள்ளைக்கு எது குடுக்கறதா இருந்தாலும் அந்தப் பொட்டிக்குள்ள வைக்காத. பீச்சி வச்ச தாய்ப்பாலா இருந்தாலும் சரி, டாக்டரு எழுதின பவுடர் பாலா இருந்தாலும் சரி. பாட்டில் வெளிய தொட்டா வெதவெதன்னு இருக்கும், உள்ள ஒரு பக்கம் கொதிச்சிகினு இருக்கும், புள்ள வாய் வெந்துடும். சின்னக் கிண்ணம் ஒண்ணு வச்சிருக்கேன் பாரு, அதுல சுடுதண்ணி ஊத்தி, பாட்டில உள்ள நிக்க வை. மணிக்கட்டுல ரெண்டு சொட்டு வுட்டுப் பாத்துட்டு அப்பால குடு. அதுக்குள்ள புள்ள கத்தும், ஊரக் கூட்டும், உனக்கு அழுக வரும். கத்தட்டும். கத்தற புள்ள நல்லா இருக்கற புள்ள. இத்தயெல்லாம் பக்கத்துல குந்திகினு நான் காட்டிக் குடுக்க வேண்டியது. எழுதிக் காட்டறேன். என் வயிறு எரியுது பாப்பா, வேற இன்னா சொல்ல.

நம்ம பக்கம் புள்ள பெத்தவளுக்கு பால் சொறா புட்டு குடுக்காம வுட மாட்டாங்க, பால் நல்லா ஊறும்னு. உன்ன பெத்தப்போ நைனா விடியறதுக்கு முன்னாடி காசிமேட்டுக்கு ஓடி வாங்கியாந்தாரு, கையெல்லாம் மீன் வாடையோட வந்து நின்னாரு. உனக்கு அத்த நான் அனுப்ப முடியாது, வழியிலியே நாறிடும். அனுப்ப முடிஞ்சாலும் மனசு ஒப்பாது. ஆத்துல பவர் ஹவுஸ் சாம்பத் தண்ணியும் எண்ணெயும் கலந்து ஓடறத தெனம் பாலத்து மேலேர்ந்து பாத்துகினு போறேன். எந்த மீனு எந்தத் தண்ணியில வளந்துதுன்னு யாருக்குத் தெரியும். பூண்டு உரிச்சி, காய வச்சி, சுக்குப் பொடியோட தனியா கட்டி வச்சிருக்கேன். அது தேனி பக்கத்துப் பூண்டு, நம்மூரு காத்துல நான் காய வைக்கல, அண்ணாச்சி கடை மாடியில காய வச்சேன். அதுவும் கல்மண்டபம்தான், லாரிப் பொகைதான், ஆனா இன்னா பண்ண சொல்ற.

நான் வர வேணாம்னா நீயாவது வாயேம்மான்னு கேப்ப. மாப்ளையும் கேட்டாரு. நைனாவ வுட்டுட்டு ஒரு நாள் வளைகாப்புக்கு வந்ததுக்கே மேரி அவரு பக்கத்தவுட்டு நவுரல. கரண்டு போனா சிலிண்டர மாத்தணும், மூச்சுத் தெணறினா நிமித்திக் குந்த வைக்கணும். பிரசவத்துக்குன்னா மாசக்கணக்குல வேணும், யாரு தலையில கட்டிட்டு வரது. அவர பஸ்ல ஏத்திகினும் வர முடியாது. நான் உன் வூட்டுக்கு வந்து, உன் புள்ளைய கால் மேல போட்டு குளிப்பாட்டி, உன் கையில சோறு பெசஞ்சிக் குடுத்து, ஆற அமர இருக்கப் போற நாள் ஒண்ணு வரும். அது எந்த நாளுக்கு அப்பால வரும்னு எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். இந்தக் காயிதத்த நான் எழுதறத பாத்துகினே படுத்துகினு கீறாரே, அவருக்கும் தெரியும். அதனால நல்லா கோச்சிக்கோ. அக்கம்பக்கத்துல கேட்டா, எங்கம்மாவுக்கு மனசே இல்லைன்னு சொல்லிக்கோ, நான் வாங்கிக்கறேன். ஆனா ஒவ்வொரு மாசமும், அம்மா இன்னும் வரலியேன்னு தோணும்போது ஒண்ண நெனச்சிக்க. அம்மா வரலைன்னா நைனா கீறாருன்னு அர்த்தம்.

அம்மா